இனாஸ் வெள்ளையடித்த வீடு

பணஜியில் இனாஸ் அளவுக்குப் படம் பிடிக்கப்பட்ட ஆள் வேறு யாரும் இருக்க முடியாது. ஆனால் ஒரு படத்திலும் அவன் முகம் இருக்காது. மஞ்சள் சுவரில் சாய்ந்துகொண்டு கல்யாணப் பெண்கள் நிற்கிறார்களே, அந்த மஞ்சள் இனாஸ் அடித்தது. நீலச் சுவருக்கு முன்னால் குடையை விரித்துக்கொண்டு குதிக்கிறார்களே, அந்த நீலமும் அவன் கலக்கியது. பூனாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து, என்னைக் கேட்காமல் என் கடைப்படியில் உட்கார்ந்து, என் சிவப்புச் சுவரைப் பார்த்து வாயைப் பிளக்கிறவர்களுக்கு அந்தச் சிவப்பு ஒரு சண்டையில் பிறந்தது என்று தெரியாது. நான் கேட்டது மாதுளை முத்துச் சிவப்பு. அவன் அடித்தது செங்கல் சிவப்பு. அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். ஏணியோடு வந்து, கேட்ட சிவப்பையே மறுபடி அடித்துவிட்டுப் போனான்.

என் பெயர் பியெதாத். ஆல்தின்யோ குன்றுக்கும் ஓரெம் ஓடைக்கும் நடுவே உள்ள பழைய தெருக்களில் ஒன்றில், அப்பா விட்டுப்போன மதுக்கடையை நடத்துகிறேன். முந்திரிப் பழச் சாராயம், தொட்டுக்கொள்ள அவித்த கடலை, கேட்டால் கொஞ்சம் பன்றித் தொத்திறைச்சி, கேட்காமலே கொஞ்சம் திட்டு. ஊர் சுற்றிக் காட்டும் பையன்கள் என் ஜன்னலைக் காட்டி, போர்த்துகீசிய வைஸ்ராய் இங்கே உட்கார்ந்துதான் குடித்தார் என்று கதை விடுவார்கள். அந்த ஜன்னல் மட்காவ் ஊரில் ஒரு வீட்டை இடித்தபோது அப்பா தூக்கிக்கொண்டு வந்தது. நான் மறுத்துச் சொல்வதில்லை. வைஸ்ராய் பெயரைச் சொன்னால் ஒரு கோப்பை கூடுதலாகக் குடிக்கிறார்கள்.

உண்மையான கதையும் உண்டு. ஆற்றோரம் மேலே இருந்த பழைய தலைநகரைக் கொள்ளைநோய் காலி செய்தபோது, ஆட்கள் இந்தப் பக்கம் இறங்கி வந்தார்கள். தென்னந்தோப்பாக இருந்த இடம் தெருவானது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வீட்டுக்காரன் சுவருக்கு வண்ணம் பூசியே ஆக வேண்டும் என்றும், முழு வெள்ளை சாமி வீட்டுக்கு மட்டும்தான் என்றும் போர்த்துகீசியர் வைத்த சட்டம் ஒன்று இருந்தது. மனிதன் வீட்டுக்கு வெள்ளை ஜன்னல் ஓரத்தில் ஒரு கோடு, வாசலைச் சுற்றி ஒரு கோடு, அவ்வளவுதான். அறுபத்தொன்றில் போர்த்துகீசியர் கப்பலேறினார்கள். சட்டம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. யாரும் கேட்கப்போவதில்லை என்றாலும் எங்கள் தெருவில் எவனும் வீட்டுக்கு வெள்ளையடிக்க மாட்டான். நடுத்தெருவில் பாதிரியார் அங்கியை மாட்டிக்கொண்டு நடப்பது மாதிரி அது.

இனாஸின் அப்பாவும் வண்ணம் பூசுகிறவர்தான். இனாஸ் ஒல்லி, உயரம், காது மடலில் எந்நேரமும் ஏதாவது ஒரு நிறம். மழை நின்று, சுவரில் பாசி காய ஆரம்பித்ததும் தேங்காய் நார்த் தூரிகையும் ஏணியுமாகக் கிளம்புவான். அப்போதெல்லாம் தெருவே அவன் கையில். எல்லார் வீட்டையும் முடித்துவிட்டுக் கடைசியில்தான் தன் வீட்டுக்கு வருவான், அதுவும் எல்லார் வீட்டு மிச்சத்தையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கி. என் கடைக்கு நேர் எதிரே அவன் வீடு. ஒரு வருடம் அது பழைய இறால் குழம்பின் நிறத்தில் இருந்தது.

"ஊர்ல இருக்கிற சுவருக்கெல்லாம் பட்டுடுத்தி விடுறாரு. கட்டினவ வீட்டுக்கு மட்டும் கந்தல்," என்று அவன் மனைவி ரோசாரின் ஜன்னல் வழியே எனக்குக் கேட்கும்படி சொல்வாள்.

"கந்தல்தான் வெயில்ல நெறம் போகாது," என்பான் இனாஸ், ஏணி மேலிருந்து.

"போறதுக்கு நெறம்னு ஒண்ணு இருந்தாத்தானே!"

ரோசாரின் சோராவ் தீவுக்காரி. படகில் கல்யாணப் பெண்ணாக வந்து இறங்கிய நாளிலிருந்து அவளுக்கும் எனக்கும் வாய்ப்போட்டி. இறால் ஊறுகாய் போட்டு விற்பாள். அவள் மிளகாய் வறுக்கும் நாளில் என் கடையில் குடிக்கிறவர்கள் எல்லாரும் அழுவார்கள், என்ன துக்கம் என்று கேட்டால் ரோசாரின் என்பார்கள். பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டியே நன்றாக இருந்தார்கள். அப்படியும் சில பேருக்கு வாய்க்கிறது.

போன மழைக்காலத்தில் அவள் சத்தம் குறைந்தது. முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் ஒருநாள் பார்த்தால் கடைத்தெருவிலிருந்து வருகிறவள் ஐந்தாறு வீட்டுக்கு ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருக்கிறது, நெஞ்சைத் திறந்துதான் சரி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மழை விட்டதும் அறுவை. எல்லா வீட்டுக்காரர்களும் இனாஸுக்காகக் காத்திருக்கும் நேரம். அந்த வருடம் அவன் ஏணியைத் தொடவில்லை. எங்கள் சுவர்கள் பாசியோடு நின்றன. ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

அறுவை முடிந்த மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் கடைக்கு வந்தான். பேக்கரிக்காரன் சைக்கிள் ஹாரனை அடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். ரொட்டியை வாங்கி அவன் கையில் திணித்தேன். அதைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"பொழச்சிட்டா, பியெதாத் அக்கா. கண்ணத் தெறந்ததும் மொத வார்த்தை என்ன தெரியுமா? 'சட்டையில பட்டன் மாத்திப் போட்டிருக்கே'ன்னா."

"அப்போ நிஜமாவே பொழச்சிட்டா," என்றேன்.

அப்போதுதான் நேர்த்திக்கடனைச் சொன்னான். அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, எங்கள் தெருமுனைச் சிற்றாலயத்தை நினைத்துக்கொண்டு வேண்டியிருக்கிறான். அவளை நல்லபடியாகத் திருப்பிக் கொடுத்தால், சிற்றாலயத்தின் நாலு பக்கமும் தன் ஒருத்தன் கையால், தான் ஊறவைத்த சுண்ணாம்பில் வெள்ளையடிப்பேன் என்று.

"அவ வீட்டு வாசப்படி மிதிக்கிறதுக்குள்ள முடிச்சிடறேன்னும் சொல்லிட்டேன்க்கா."

"உன்ன யாருடா கெடு வைக்கச் சொன்னது? சாமியே கேக்கலையே!"

"எங்கம்மா அப்படித்தான் வேண்டுவா. நேர்த்தி நிலுவையில இருக்கறப்போ நோயாளி படி தாண்டினா, நோயும் கூடவே தாண்டி உள்ள வந்துடும்னு சொல்வா."

அன்றே சுண்ணாம்பை ஊறவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அவளோடு நாள் முழுவதும் இருக்க வேறு ஆள் இல்லை. ஒரு வாரம் கழித்து, சோராவிலிருந்து அவள் தம்பி வந்த பிறகுதான் அவனால் தெருவுக்கு வர முடிந்தது. அன்று சாயங்காலமே ரோசாரினை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றான். வாளியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனவன் போன வேகத்தில் திரும்பினான். கூடவே ஃபாதர் ஜோவினோவும் வந்தார். சின்ன வயது, நல்ல மனிதர், ஆனால் அன்றைக்கு முகம் விழுந்துபோயிருந்தது.

சிற்றாலயத்துக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. இனாஸ் ஆஸ்பத்திரியில் இருக்கிறானே என்று, திருவிழாவுக்கு நேரமாகிறதே என்று, ஃபாதர் வெளியூர் ஆட்களை வைத்துப் புது மாதிரி பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிட்டார். இனாஸ் ஆஸ்பத்திரியிலேயே கிடந்ததால் பார்க்கவில்லை. பார்த்தவர்களுக்கு நேர்த்தி தெரியாது, தெரிந்த நான் கடையை விட்டு அந்தப் பக்கம் போகவில்லை.

"உனக்குச் சிரமம் வேண்டாம்னுதான் இனாஸ்..." என்றார் ஃபாதர்.

"அது மேல நான் ஒரு கோட் அடிக்கிறேன் ஃபாதர்."

"அடிச்சுக்கோயேன், நான் வேணாம்னா சொல்றேன்?"

இனாஸ் யோசித்தான். தலையை ஆட்டினான். "நிக்காது. பிளாஸ்டிக் மேல சுண்ணாம்பு ஒட்டாது. காஞ்சதும் அப்பளம் மாதிரி உரிஞ்சு விழும். உரிஞ்சு விழற நேர்த்திய சாமிக்குக் குடுக்க முடியுமா?"

"அந்தக் காச ஏழைங்களுக்குக் குடு. ஆண்டவர் ஏத்துக்குவார்."

"நான் சொன்னது சுண்ணாம்பு ஃபாதர். நான் மாத்திக் குடுத்தா, அவரும் மாத்திக் குடுத்துட்டாருன்னா?"

ஃபாதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி அடிக்க நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். இனாஸ் என் கடை பெஞ்சில் உட்கார்ந்தான். சாராயம் வேண்டாம் என்றான், கஞ்சி வேண்டாம் என்றான். நான் இலக்கியப் பேச்செல்லாம் அறியாதவள், ஆறுதல் சொல்லவும் தெரியாது. "எங்கயாவது போய் அடிச்சித் தொலைடா, ஊர்ல சுவருக்கா பஞ்சம்!" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன்.

மத்தியானம் சாப்பிட்டுக் கதவைச் சாத்தினால் நாலு மணி வரை எங்கள் தெரு செத்த தெரு. மருந்துக்கடைக்காரனும் தூங்குவான், நாயும் தூங்கும். வெயிலில் கருகிக்கொண்டு அலையும் சுற்றுலாக்காரர்கள் ஒரு சோடாவுக்கு வழியில்லாமல் சபித்துக்கொண்டு போவார்கள். அந்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் தெருவையே கழற்றிக்கொண்டு போய்விடலாம்.

நாலு மணிக்கு நான் கதவைத் திறந்தேன். கண் கூசியது. எதிரே இனாஸ் வீடு இருந்த இடத்தில் ஒரு சிற்றாலயம் இருந்தது.

ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்பு சாம்பல் மாதிரி மங்கலாகத்தான் தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். இவன் அடித்த அடிக்கு வெயிலும் கூட நின்று வேலை பார்த்திருக்கிறது. படியிலிருந்து கூரை ஓடு வரைக்கும், ஜன்னல் கட்டை உட்பட, ஒரே வெள்ளை. பக்கச் சந்தில் ஏணி மேல் இனாஸ், தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளையாக, கிழவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"சாய்பா!" என்று கத்தினேன். எங்கள் ஊரில் ஆண்டவரை அப்படித்தான் கூப்பிடுவோம், பயத்திலும்.

வக்கீல் மெனினோ வெளியே வந்தார். தெருக்கமிட்டித் தலைவர், எழுபதைத் தாண்டியும் கறுப்புக் கோட்டைக் கழற்றாதவர். டாக்டரை மாதிரியே வக்கீலையும் நாங்கள் தொத்தோர் என்றுதான் அழைப்போம், அவருக்கு அது பிடிக்கும்.

"இனாஸ்! வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா? ஆதி காலத்துலேர்ந்து இந்தத் தெருவுல எவனாவது வீட்டுக்கு வெள்ளையடிச்சிருக்கானா? வெள்ளை சாமிக்குய்யா!"

"சாமி வீட்ல எனக்கு எடமில்ல, தொத்தோர். அதான் என் வீட்ட சாமிக்குக் குடுத்துட்டேன்."

"நாளைக்கே கார்ப்பரேஷன்ல எழுதிக் குடுக்கிறேன் பாரு!"

"குடுங்க. பின் சுவர் ஒண்ணுதான் பாக்கி. முடிச்சிட்டு வந்துடறேன்."

அவர் மேலே கத்துவதற்குள், தெருவில் ஒரு குடும்பம் வந்து நின்றது. நாசிக் பக்கத்து ஆட்கள். வெள்ளையாக இருப்பதெல்லாம் சாமி வீடு என்று ஊர் சுற்றிக் காட்டும் பையன் காலையில் சொல்லிக்கொடுத்திருப்பான். சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். அந்த வீட்டுப் பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, பெரிய தேவாலயப் படிக்கட்டில் வாங்கிய மெழுகுவத்தியை இனாஸ் வீட்டு வாசல்படியில் ஏற்றி வைத்தாள்.

"அம்மா, இது கோயில் இல்ல," என்றார் மெனினோ, தன் கோர்ட்டு இந்தியில்.

"நடை சாத்தியிருந்தா பரவாயில்லைங்க. வெளியேருந்தே கும்பிட்டுக்கறோம்," என்றாள் அவள்.

அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் ஏற்றினார்கள். ஒரு பெண் தன் கொண்டையிலிருந்த கனகாம்பரச் சரத்தை எடுத்துக் கதவுப் பிடியில் சுற்றினாள். எனக்குச் சிரிப்பதா ஓடிப்போய்த் தடுப்பதா என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு டாக்சி தெருவுக்குள் ஊர்ந்து வந்தது. தம்பி கையைப் பிடித்துக்கொண்டு ரோசாரின் இறங்கினாள். பாதியாக இளைத்திருந்தாள். வெள்ளை வீட்டைப் பார்த்தாள், படியில் எரிகிற மெழுகுவத்திகளைப் பார்த்தாள், கதவில் பூவைப் பார்த்தாள்.

"ஏய்யா இனாஸ்! நான் செத்துட்டேன்னு உனக்கு எவன்யா சொன்னது? ஒரு சாயங்காலம் பொறுக்கக் கூடாதா?"

குரல் கம்மியிருந்தாலும் பழைய ரோசாரின்தான். சந்திலிருந்து தூரிகையோடு ஓடி வந்தவன் அழ ஆரம்பித்தான். சுண்ணாம்பு முகத்தில் இரண்டு கோடு இறங்கியது. அவள் படியில் கால் வைக்கப் போனாள்.

"நில்லு! உள்ள போகாத! இன்னும் ஒரு சுவர் இருக்கு!"

நான்தான் எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடையிலிருந்து கைப்பிடி நாற்காலியைத் தூக்கி வந்து வாசலுக்கு முன்னால் போட்டு உட்கார வைத்தேன். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. நாங்களும் தூரிகை எடுத்தால் நொடியில் முடியும் சுவர்தான் அது. ஆனால் ஒருத்தன் கையால் என்று சொல்லித் தொலைத்திருக்கிறான்.

"நெஞ்சத் தைச்சுத் தையல் காயாத பொம்பளையத் தெருவுல உக்கார வைக்கிறதாடா நேர்த்தி?" என்று மெனினோ சீறினார். ஃபாதருக்கு ஆள் போனது. அவரும் மூச்சிரைக்க வந்தார். "இனாஸ், நான் சொல்றேன், உன் நேர்த்தி முடிஞ்சுது. ரோசாரின், நீங்க உள்ள போய்ப் படுங்க," என்றார்.

இனாஸ் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போட்டுவிட்டு வந்திருப்பான்.

"ஃபாதர், நீங்க நல்லவரு. ஆனா இவரு வாக்குக் குடுத்தது உங்ககிட்ட இல்லையே," என்றாள் ரோசாரின். அப்புறம் அவனிடம், "என்னை என்ன பாக்கற? போய் முடி. அவசரத்துல திட்டுத் திட்டா விட்டுடாத. பின் சுவர்தான், சாமி பார்க்க மாட்டாருன்னு நெனைக்காத."

அவன் ஓடினான். ஏணி பின்கட்டுச் சரிவில் நிற்காமல் வழுக்கியது. பிடிக்க ஆள் வேண்டும். பிடிப்பது பூசுவதாகாதே என்று ஒரு வாதத்தை வக்கீலே எழுப்பி, அவரே தீர்ப்பும் சொல்லி, கோட்டைக்கூடக் கழற்றாமல் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

வெயில் இறங்கியது. ரோசாரினுக்கு மூச்சு மேலும் கீழுமாக வாங்கியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு, இந்தக் கிறுக்கன் நேர்த்தியால் இவளை இழந்துவிடுவோமோ என்றுதான் தோன்றியது. அப்போது ஃபாதர் ஜோவினோ தெருவில் முட்டிபோட்டு, மன்றாட்டு மாலையை ஆரம்பித்தார். வீட்டு வாசல்களிலும் சிலுவைகளின் முன்னாலும் நாங்கள் பாடுவதுதான். தெருவே இறங்கி வந்தது. அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று நாங்கள் திருப்பிப் பாடினோம். நாசிக் பெரியம்மாவும் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு பெயரை முணுமுணுத்துக்கொண்டு கைகூப்பி நின்றாள்.

"எல்லாரும் என்னப் பாத்து முட்டி போடறீங்களே, நான் கொஞ்சம் தள்ளி உக்காரட்டா?" என்றாள் ரோசாரின் நடுவில்.

"அசையாதே, வாய மூடு," என்றேன். ஃபாதர் பாடிக்கொண்டே சிரித்துவிட்டார். அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியது.

பாட்டு முடிவதற்குச் சற்று முன்னால் இனாஸ் வந்தான். கை இரண்டும் முழங்கை வரை வெள்ளை. "முடிஞ்சுது," என்றான். ரோசாரின் எழுந்து, அந்தச் சுண்ணாம்புக் கையைப் பிடித்துக்கொண்டு, மெழுகுவத்திகளை மிதிக்காமல் ஒவ்வொரு படியாக ஏறி உள்ளே போனாள்.

எனக்குக் கோபம் வரும், அழுகை வராது. அன்றைக்கு நடுத்தெருவில் நின்று வாய்விட்டு அழுதேன். அவளை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்ததற்காக நன்றி, நன்றி என்று யாரைப் பார்த்துச் சொல்கிறேன் என்று தெரியாமலே சொன்னேன். அப்புறம் கடைக்கு ஓடிப்போய் அவித்த கடலை அத்தனையையும் எடுத்து வந்து கொடுத்தேன், சாராயமும் ஊற்றினேன். நாசிக்காரர்கள் கடலையைப் பிரசாதமாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள். மெனினோ பின்கட்டிலிருந்து வந்தார். கறுப்புக் கோட்டின் முதுகு முழுக்க வெள்ளை.

"தொத்தோர், கோட்டு!" என்றேன்.

"தெரியும்," என்றார். தட்டிவிடவில்லை. கமிட்டியில் யாரோ வெள்ளை வீட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "அது வெள்ளையில்ல, அடிப்பூச்சு. மேல்பூச்சு அடுத்த மழைக்கு அப்புறம். எந்தச் சட்டத்துல தப்பு, காட்டு!" என்றாராம். ஒருத்தராலும் காட்ட முடியவில்லை.

வெள்ளையடித்த மறுநாள் மத்தியானம் நான் தூங்கவில்லை. எதிர் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. கட்டிலில் ரோசாரின், பக்கத்தில் தரையில் பாயைப் போட்டு இனாஸ். மழைக்காலத்திலிருந்து இராத்திரியும் பகலும் அவள் மூச்சையே எண்ணிக்கொண்டு கிடந்தவன், வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டான். அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

அப்போது தெருவில் பேச்சுக் குரல். கழுத்தில் கேமராக்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு கூட்டம் வெள்ளை வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. நான் படியிறங்கிப் போய் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தேன்.

"இது எந்தச் சாமி கோயில்மா? உள்ள பாக்கலாமா?" என்று ஒருவர் கேட்டார்.

"மெதுவாப் பேசுங்க," என்றேன். "சாமி இப்பத்தான் கண்ணசந்திருக்கு. நாலு மணிக்கு மேல வாங்க."